ஸ்காட்லாந்தின் கரையோரத் துடுப்புப் படகோட்டம்

ஸ்காட்லாந்தின் கரையோரத் துடுப்புப் படகோட்டம் என்பது கடற்கரை ஊர்களில் வாழும் மக்கள் தாங்களே கூடிக் கட்டிய மரப் படகுகளில் கடலில் துடுப்பு வலிக்கும் விளையாட்டும் அதனைச் சார்ந்த சமூக இயக்கமும் ஆகும். இதில் பயன்படும் படகு செயின்ட் எய்ல்ஸ் ஸ்கிஃப் எனப்படுகிறது. நால்வர் ஆளுக்கு ஒரு துடுப்பை வலிக்க, ஐந்தாமவர் சுக்கான் பிடித்துப் படகைச் செலுத்துகிறார். முதல் படகின் வெள்ளோட்டம் 2009 அக்டோபரில் ஃபைஃப் மாவட்டத்தின் ஆன்ஸ்ட்ரதர் துறைமுகத்தில் நடைபெற்றது. அதன்பின் ஸ்காட்லாந்தின் கிழக்கு, மேற்குக் கரைகளிலும் தீவுகளிலும் பல ஊர்கள் இவ்வகைப் படகைக் கட்டிக்கொண்டன. இங்கிலாந்து, வட அயர்லாந்து, நெதர்லாந்து, அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களுக்கும் இது பரவியுள்ளது. கட்டப்பட்ட படகுகளின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டிவிட்டது.

இவ்விளையாட்டின் சிறப்பு இயல்பு, படகைக் கட்டுவதும் விளையாட்டின் ஒரு பகுதியாக இருப்பதாகும். போட்டியிட விரும்பும் ஊர் முதலில் ஒரு படகைக் கட்ட வேண்டும். அதற்குத் தச்சுத் தொழில் அறிந்தவர்கள் தேவையில்லை என்னும் வகையில் படகு வடிவமைக்கப்பட்டுள்ளது.

பெயர்

ஸ்கிஃப் என்னும் சொல் சிறிய, இலகுவான துடுப்புப் படகைக் குறிக்கும் பொதுச்சொல் ஆகும். செயின்ட் எய்ல்ஸ் என்பது ஆன்ஸ்ட்ரதரில் இடைக்காலத்தில் இருந்த ஒரு சிற்றாலயத்தின் பெயர். அவ்வாலயம் இருந்த இடத்தில் இன்று ஸ்காட்லாந்து மீன்பிடி அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 1969 இல் திறக்கப்பட்ட இவ்வருங்காட்சியகத்தின் முயற்சியுடன் இத்திட்டம் தொடங்கியதால் படகுக்கு அவ்விடத்தின் பெயரே சூட்டப்பட்டது.

உலகத் துடுப்புப் படகோட்டக் கூட்டமைப்பு நடத்தும் 'கரையோரப் படகோட்டம்' என்னும் போட்டி வகை இதிலிருந்து வேறானது. அவ்வகையில் சறுக்கு இருக்கைகள் கொண்ட, செயற்கை இழைகளால் ஆன படகுகள் பயன்படுகின்றன. அதன் ஒரு பிரிவான கடற்கரை விரைவோட்டம் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டிகளில் சேர்க்கப்பட்டுள்ளது. பெயர் ஒற்றுமையால் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது.

பின்னணி

ஃபோர்த் கழிமுகத்தின் வடகரையில் அமைந்துள்ள ஃபைஃப், மீன்பிடித்தலுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் பெயர் பெற்றிருந்தது. கிழக்குப் பகுதியில் ஆன்ஸ்ட்ரதர், பிட்டன்வீம் போன்ற மீனவ ஊர்கள் இருந்தன. மேற்கே வீம்ஸ், பக்ஹேவன், மெத்தில் முதலிய சுரங்க ஊர்கள் கடலை ஒட்டியே அமைந்திருந்தன. இச்சுரங்கங்களின் சில சுரங்கப் பாதைகள் கடலடிக்குக் கீழும் சென்றன.

சுரங்கத் தொழிலாளர்கள் ஓய்வு நேரங்களில் படகோட்டத்தில் ஈடுபட்டனர். ஊருக்கு ஊர் போட்டிகள் நடைபெற்றன. சுரங்கத் தொழிலாளர் படகுப் போட்டிகள் என அறியப்பட்ட இவ்விழாக்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடந்து, பின்னர் மறைந்தன.

இதே காலத்தில் இக்கரையின் தொழில்களும் தேய்ந்தன. ஃபோர்த் கழிமுகத்தில் குளிர்காலத்தில் பெருமளவில் கிடைத்த ஹெர்ரிங் மீன் குறைந்துபோயிற்று. கிழக்கு வீம்ஸில் இருந்த மைக்கேல் சுரங்கத்தில் 1967 செப்டம்பரில் ஏற்பட்ட தீ விபத்தில் 9 பேர் உயிரிழந்தனர். அச்சுரங்கம் அத்துடன் மூடப்பட்டது. அடுத்து வந்த இருபது, முப்பது ஆண்டுகளில் ஏனைய சுரங்கங்களும் மூடப்பட்டன. கடலை நம்பியும் கடலோரத்தில் உழைத்தும் வாழ்ந்த மக்களின் பிள்ளைகள் வேறு வேலைகளுக்குச் சென்றனர். துறைமுகங்கள் இருந்தன, ஆனால் ஊர் மக்களில் மிகப் பெரும்பாலோர் கடலில் இறங்கும் தேவையே இல்லாமல் போயிற்று.

மூலப்படகு

செயின்ட் எய்ல்ஸ் ஸ்கிஃப், ஃபேர் தீவைச் சேர்ந்த பழைய படகு ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. ஃபேர் தீவு, ஓர்க்னித் தீவுகளுக்கும் ஷெட்லாந்துத் தீவுகளுக்கும் இடையில் தனித்து அமைந்துள்ள மிகச் சிறிய தீவாகும். இத்தீவு மக்கள் கரையோர மீன்பிடிப்புக்கும், தீவைக் கடந்து செல்லும் கப்பல்களை நெருங்கிப் பண்டமாற்றுச் செய்வதற்கும் யோல் எனப்படும் துடுப்புப் படகுகளைப் பயன்படுத்தினர். அவ்வகைப் படகு ஒன்று மீன்பிடி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருந்தது.

யோல் படகின் மரபு நார்வேயில் இருந்து வந்தது. ஷெட்லாந்துத் தீவுகளிலும் ஃபேர் தீவிலும் படகு கட்டுவதற்கு ஏற்ற மரங்கள் வளர்வதில்லை. எனவே தீவு மக்கள் பல தலைமுறைகளாக நார்வேயின் மேற்குக் கரையில் இருந்து படகுகளை வாங்கினர். பல படகுகள் முழுமையாகக் கட்டப்படாமல், அளவாக வெட்டப்பட்ட பலகைகளாகக் கப்பலில் வந்து சேர்ந்தன. தீவில் உள்ளோர் அவற்றைப் பொருத்திப் படகாக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வணிகம் குறைந்தபோது, மரத்தை மட்டும் வரவழைத்து அதே வடிவத்தில் உள்ளூரிலேயே படகு கட்டும் வழக்கம் வலுப்பெற்றது.

பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு கட்டும் இந்த வடதேசப் படகு மரபை, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளின் முன்மொழிவின் பேரில் யுனெஸ்கோ 2021 டிசம்பரில் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தோற்றம்

மறைந்துபோன சுரங்கத் தொழிலாளர் படகுப் போட்டிகளை மீண்டும் தொடங்கலாம் என்னும் எண்ணத்தை முன்வைத்தவர்களில் முதன்மையானவர் அலெக் ஜோர்டன். இவர் ஃபைஃபில் ஜோர்டன் போட்ஸ் என்னும் நிறுவனத்தை நடத்தி, படகு கட்டுவதற்கான ஒட்டுப்பலகைத் தொகுதிகளைக் கணினிக் கட்டுப்பாட்டு வெட்டுப்பொறியின் உதவியால் தயாரித்து விற்றுவந்தார். அருங்காட்சியகத்துடன் இணைந்து உருவாக்கப்பட்ட திட்டத்தின்படி, படகை வடிவமைக்கும் பொறுப்பு இயன் ஓட்ரெட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

இயன் ஓட்ரெட் ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் வாழ்ந்த படகு வடிவமைப்பாளர் ஆவார். வடதேச மரபுப் படகுகளின் வடிவத்தை, வீட்டிலேயே படகு கட்டுவோர் ஒட்டுப்பலகையைக் கொண்டு கட்டக்கூடிய வகையில் மாற்றி அமைப்பதில் இவர் பெயர் பெற்றவர். கேலடோனியா யால், நெஸ் யால் ஆகியவை இவருடைய வேறு புகழ்பெற்ற வடிவமைப்புகள். இவர் 2024 இல் காலமானார்.

வடிவமைப்புக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் எளிமையானவை. படகு கடலைத் தாங்க வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும். முன்னனுபவம் இல்லாதவர்களும் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு சிற்றூர் திரட்டக்கூடிய பணத்திற்குள் செலவு அடங்க வேண்டும்.

2009 இல் முன்மாதிரிப் படகு வெள்ளோட்டம் விடப்பட்டபின், அது பல ஊர்களுக்குக் கொண்டு செல்லப்பட்டு மக்கள் வலித்துப் பார்க்க வாய்ப்பளிக்கப்பட்டது. 2010 இல் ஸ்காட்லாந்துக் கரையோரப் படகோட்டச் சங்கம் அமைக்கப்பட்டது. போர்ட்டோபெல்லோ, நார்த் பெர்விக், அல்லாபூல், அக்கில்டிபுயி முதலிய ஊர்கள் தொடக்க காலத்திலேயே படகு கட்டியவற்றுள் சில. அல்லாபூலின் படகுக்கு அல்லா என்றும், அக்கில்டிபுயி அமைந்துள்ள கோய்காக் பகுதியின் படகுக்கு கோய்காக் லாஸ் என்றும் பெயர் சூட்டப்பட்டது.

தொடக்கத்தில் திட்டமிட்டோர் ஃபைஃபையும் அதன் அண்டைக் கரைகளையும் மனத்தில் கொண்டிருந்தனர். ஃபைஃபில் இருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள வடமேற்கு ஊர்களும் உடனடியாகச் சேர்ந்தது இவ்வியக்கம் நாடு தழுவியதாக மாறக் காரணமாயிற்று.

படகின் அமைப்பு

முதன்மைத் தரவுகள்:

நீளம்: 22 அடி (சுமார் 6.7 மீட்டர்)
அகலம்: 5 அடி 8 அங்குலம் (சுமார் 1.7 மீட்டர்)
எடை: சுமார் 150 கிலோகிராம்
குழு: துடுப்பு வலிப்போர் 4, சுக்கானி 1
கட்டுமானம்: கடற்பயன்பாட்டு ஒட்டுப்பலகை, மேற்படிவு முறை
இருக்கை: நகராத குறுக்குப் பலகை

படகின் இரு முனைகளும் கூர்மையாக உள்ளன. பின்முனை தட்டையாக வெட்டப்பட்டிருந்தால், பின்னால் இருந்து வரும் அலை அதில் மோதிப் படகைத் திருப்பிவிடக்கூடும். கூரிய பின்முனை அலையைப் பிளந்து இருபுறமும் ஒதுக்குகிறது. துறைமுகம் இல்லாத கரைகளில் அலையோடு வந்து மணலில் ஏற வேண்டிய படகுகளுக்கு இவ்வடிவம் பொருத்தமானது.

மேற்படிவு முறை அல்லது கிளிங்கர் முறை என்பது, கூரை ஓடுகளைப் போல ஒவ்வொரு பலகையின் விளிம்பும் அடுத்த பலகையின் விளிம்பின் மேல் படியுமாறு பொருத்துவதாகும். பழைய படகுகளில் இவ்விளிம்புகள் உலோக ஆணிகளால் இறுக்கப்பட்டன. உள்ளே வங்குகள் எனப்படும் வளைந்த விலாச்சட்டங்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டன. செயின்ட் எய்ல்ஸ் ஸ்கிஃபில் விளிம்புகள் எப்பாக்சிப் பசையால் ஒட்டப்படுகின்றன. ஒட்டப்பட்ட ஒவ்வொரு மேற்படிவும் படகின் நீளம் முழுவதும் செல்லும் ஒரு விலா போலச் செயற்பட்டு உறுதி தருகிறது. எனவே நெருக்கமான வங்குகள் தேவைப்படுவதில்லை, எடையும் குறைகிறது.

நீரைப் பிளந்து செல்லும் படகின் வேகத்திற்கு அதன் நீர்க்கோட்டு நீளமே பெரும்பாலும் எல்லை வகுக்கிறது. படகு வேகமெடுக்கும்போது அது எழுப்பும் அலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியபின், மேலும் வேகமெடுக்கப் படகு தன் அலையின் மீதே ஏற வேண்டியதாகிறது. சுமார் 6 மீட்டர் நீர்க்கோட்டு நீளம் உள்ள படகுக்கு இவ்வெல்லை ஏறத்தாழ 6 கடல்மைல் வேகம், அதாவது மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர் ஆகும். இவ்வெல்லைக்கு அருகில் வலிமையை எவ்வளவு கூட்டினாலும் வேகம் சிறிதளவே கூடும். ஆகவே வலிமை மிக்க குழுவுக்கும் நடுத்தரக் குழுவுக்கும் இடையிலான வேறுபாடு இப்படகில் குறுகிவிடுகிறது. ஒத்திசைவும் சுக்கானியின் திறமையும் கூடுதல் மதிப்புப் பெறுகின்றன.

படகு கட்டும் முறை

ஓர் ஊர் படகு கட்ட முடிவு செய்ததும் முதலில் பணம் திரட்டப்படுகிறது. பின்னர் ஒரு கொட்டகையோ பண்ணைக் கட்டடமோ பயன்படாத பட்டறையோ தேடப்படுகிறது. தொகுதியில் பக்கப் பலகைகளும் குறுக்கு அச்சுகளும் வெட்டப்பட்டு வருகின்றன. ஏரா, முனைக்கட்டைகள், விளிம்புச் சட்டங்கள், இருக்கைகள், துடுப்புகள் முதலியவற்றுக்கான மரத்தை ஊரார் தாங்களே தேடிக்கொள்கின்றனர்.

கட்டுமானத்தின் படிநிலைகள் பொதுவாகப் பின்வருமாறு அமைகின்றன:

1. தரையில் சமமட்டமான ஒரு சட்டகம் அமைக்கப்பட்டு, அதன்மீது குறுக்கு அச்சுகள் நேர்கோட்டில் நிறுத்தப்படுகின்றன. படகு கவிழ்ந்த நிலையில் கட்டப்படுவதால் அச்சுகளும் தலைகீழாக நிற்கும்.

2. மெல்லிய மரப்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்து முனைக்கட்டைகள் செய்யப்படுகின்றன. இவை ஏராவுடன் இணைக்கப்பட்டு அச்சுகளின் மேல் பொருத்தப்படுகின்றன.

3. ஏராவை ஒட்டிய பலகையில் தொடங்கி இருபுறமும் பலகைகள் மாறி மாறிப் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொரு பலகையின் விளிம்பும் அடுத்த பலகை சீராகப் படியும்படி சாய்வாக இழைக்கப்படுகிறது. பசை உலரும் வரை பலகைகள் கவ்விகளால் இறுக்கி வைக்கப்படுகின்றன.

4. பலகைகள் முடிந்தபின் படகு அச்சுகளில் இருந்து எடுக்கப்பட்டு நிமிர்த்தப்படுகிறது. இதற்குப் பத்துப் பன்னிரண்டு பேர் தேவை. அதுவரை கவிழ்ந்து கிடந்த படகின் உட்புறத்தை அனைவரும் முதன்முதலாகக் காணும் தருணம் இதுவாகையால் பல ஊர்களில் இது ஒரு சிறு விழாவாக நடைபெறுகிறது.

5. விளிம்புச் சட்டங்கள், இருக்கைகள், கால்தாங்கிகள், துடுப்பு முளைகள், சுக்கான் ஆகியவை பொருத்தப்பட்டு வண்ணம் பூசப்படுகிறது.

6. பெயர் சூட்டப்பட்டு வெள்ளோட்டம் விடப்படுகிறது. அணியத்தில் விஸ்கி ஊற்றுவது பல ஊர்களில் வழக்கம்.

மாலை நேரங்களிலும் வார இறுதிகளிலும் மட்டுமே வேலை நடைபெறுவதால் ஒரு படகு முடிவடையப் பல மாதங்கள் ஆகின்றன. இக்கால நீட்சி ஒரு குறையாகக் கருதப்படுவதில்லை. ஓய்வுபெற்ற தச்சரும் பள்ளி மாணவரும் ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவரும் ஒரே கொட்டகையில் மாதக்கணக்கில் சேர்ந்து வேலை செய்கின்றனர். படகு கடலில் இறங்கும்போது, அதனை வலிக்கவும் பேணவும் கூடிய ஒரு குழு ஏற்கெனவே உருவாகியிருக்கிறது.

துடுப்பு வலித்தல்

நால்வரும் பின்முனையை நோக்கி அமர்ந்து, ஒருவர் விட்டு ஒருவராகப் படகின் இடப்புறமும் வலப்புறமும் துடுப்பு வலிக்கின்றனர். சுக்கானி ஒருவரே முன்னோக்கி அமர்கிறார். செல்லும் திசையைத் துடுப்பு வலிப்போர் காண இயலாது. அவர்கள் சுக்கானியின் சொல்லையே நம்பியிருக்கின்றனர். சுக்கானிக்கு மிக அருகில் அமர்பவர் வலித்தலின் வேகத்தை நிர்ணயிக்கிறார். ஏனைய மூவரும் அவரைப் பின்பற்றுகின்றனர்.

இருக்கை நகராததால், ஒலிம்பிக் படகுகளில் போலக் கால்களை முழுதும் மடக்கி நீட்டி வலிப்பதில்லை. இடுப்பில் இருந்து உடலை முன்சாய்த்து, கால்தாங்கியை உதைத்துப் பின்சாய்ந்து வலிக்க வேண்டும். கடல் அலையில் துடுப்பின் அலகு சில சமயம் ஆழமாகவும் சில சமயம் வெறுங்காற்றிலும் அமையும். ஆதலால் நதியில் பழகியவர்களும் இங்கு புதிதாகக் கற்க வேண்டியுள்ளது. அடிப்படை வலிப்பைப் புதியவர் ஒருவர் ஓரிரு நாட்களில் கற்றுக்கொள்ளலாம் என்பதும் படகு எளிதில் கவிழாது என்பதும், வயதில் மூத்தவர்களும் இதுவரை எந்த விளையாட்டிலும் ஈடுபடாதவர்களும் பெருமளவில் சேர வழி செய்தன. பெண்களின் பங்கேற்பு மிகுந்திருப்பதும் குறிப்பிடத்தக்கது.

போட்டிகள்

கோடைகாலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் கரையில் போட்டி விழாவை நடத்தி மற்ற ஊர்களை அழைக்கிறது. ஆண்கள், பெண்கள், கலப்பு என்னும் பிரிவுகளோடு வயது அடிப்படையிலும் பந்தயங்கள் நடைபெறுகின்றன. கலப்புப் பிரிவில் இரு ஆண்களும் இரு பெண்களும் துடுப்பு வலிக்கின்றனர். 17 வயதிற்கு உட்பட்டோருக்கும், 40, 50, 60 வயதிற்கு மேற்பட்டோருக்கும் தனிப் பந்தயங்கள் உண்டு. ஒரே படகில் ஒரே நாளில் பேரனும் பாட்டியும் வெவ்வேறு பந்தயங்களில் ஊருக்காக வலிப்பது இதனால் இயல்பாகிறது.

பல பந்தயங்களில் படகுகள் ஒரு மிதவையைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். நேர்கோட்டில் முந்திய படகு, திருப்பத்தில் சுக்கானியின் பிழையால் பின்தங்குவது உண்டு.

அனைத்துப் படகுகளும் ஒரே வடிவமைப்பைப் பின்பற்ற வேண்டும் என்பதும், அளவு சரிபார்க்கப்பட வேண்டும் என்பதும் விதிகளாகும். பணம் மிகுந்த ஊர் வேகமான படகை விலைக்கு வாங்கி வெல்வதை இவ்விதிகள் தடுக்கின்றன.

உலகச் சாம்பியன் போட்டி ஸ்கிஃபி வேர்ல்ட்ஸ் என அழைக்கப்படுகிறது. முதற்போட்டி 2013 ஜூலையில் அல்லாபூலில், லாக் புரூம் கடற்கழியில் நடைபெற்றது. 2016 இல் வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்ட் கடற்கழியிலும், 2019 இல் ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் உள்ள ஸ்ட்ரான்ராரிலும் போட்டிகள் நடந்தன. 2025 இல் மீண்டும் ஸ்ட்ரான்ரார் இப்போட்டியை நடத்தியது.

நெடுந்தொலைவுப் பந்தயங்களும் உள்ளன. கிளைட் ஆற்றில் டம்பார்டன் கோட்டையில் இருந்து கிளாஸ்கோ நகரின் ஃபினிஸ்டன் பாரந்தூக்கி வரை நடைபெறும் பந்தயம் அவற்றுள் ஒன்று. கப்பல் கட்டும் தளங்களால் புகழ்பெற்றிருந்த அந்த ஆற்றில், பெருமளவு அமைதியாகிவிட்ட கரைகளின் ஊடே இப்படகுகள் செல்கின்றன.

சமூகப் பங்கு

மன்றங்களின் உறுப்பினர்களில் பலர் பந்தயங்களில் பங்கேற்பதில்லை. அவர்கள் அன்றாட உடற்பயிற்சிக்காகவும், அண்டைத் தீவுகளுக்கோ ஊர்களுக்கோ சென்று திரும்புவதற்காகவும் படகைப் பயன்படுத்துகின்றனர். பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தல், ஊர் விழாக்களில் படகேற்றிச் செல்லுதல் ஆகியவற்றையும் மன்றங்கள் மேற்கொள்கின்றன. 2020 இல் ஸ்காட்லாந்தின் கரை முழுவதையும் ஊர் விட்டு ஊராகச் சுற்றி வரும் தொடர் படகோட்டம் ஒன்று திட்டமிடப்பட்டது. கோவிட்-19 பெருந்தொற்றால் அது திட்டமிட்டபடி நடைபெற இயலவில்லை.

படகின் உரிமை பொதுவாக மன்றத்தைச் சார்ந்தது. தனி ஒருவருக்கு உரியதன்று. சொந்தப் படகு வாங்கவோ அதனை நிறுத்தி வைக்கவோ வசதியில்லாத ஒருவர், சிறிய ஆண்டுச் சந்தா செலுத்திக் கடலில் இறங்க முடிகிறது. மீன்பிடித்தல் குறைந்தபின் கடலைப் பார்வைப் பொருளாக மட்டுமே கொண்டிருந்த தலைமுறைக்கு, தன் ஊரின் நீரோட்டங்களையும் பாறைகளையும் காற்றையும் மீண்டும் அறிந்துகொள்ளும் வாய்ப்பை இது அளித்துள்ளது. இவ்வியக்கத்தின் முதன்மைப் பயனாக இதனைக் கூறலாம்.

பாதுகாப்பு

ஸ்காட்லாந்தின் கடல்நீர் ஆண்டு முழுவதும் குளிர்ந்தது. குளிர்காலத்தின் இறுதியில் நீரின் வெப்பநிலை சுமார் 6 முதல் 7 பாகை செல்சியசு வரையே இருக்கும். இந்நீரில் திடீரென விழுபவருக்கு முதல் சில நிமிடங்களில் மூச்சுத் திணறலும், அதன்பின் கைகால்களின் செயலிழப்பும் ஏற்படக்கூடும். நன்கு நீந்தத் தெரிந்தவரும் இதற்கு விலக்கல்லர். எனவே மிதவைச் சட்டை, வானொலித் தொடர்புக் கருவி, நீர் இறைக்கும் கலன், மீட்புக் கயிறு ஆகியவை படகில் எடுத்துச் செல்லப்படுகின்றன.

கிழக்குக் கரையில் கோடைக்காலத்திலும் கடலில் இருந்து திடீரென மூடுபனி பரவுவது உண்டு. இதனை அங்குள்ளோர் ஹார் என்பர். மேற்குக் கரையில் தீவுகளுக்கு இடைப்பட்ட நீரோட்டங்கள் துடுப்பின் வலிமையை மிஞ்சக்கூடியவை. ஆகவே புறப்படலாமா என முடிவு செய்யும் பொறுப்பு சுக்கானிக்கு உரியது. சுக்கானிகளுக்கு மன்றங்கள் தனிப் பயிற்சி அளிக்கின்றன.

பிற மரபுகளுடன் ஒப்பீடு

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள கார்ன்வாலில் பைலட் கிக் எனப்படும் படகுகள் வலிக்கப்படுகின்றன. கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமிகளை ஏற்றிச் செல்லப் பயன்பட்ட இப்படகுகள் 32 அடி நீளமும் ஆறு துடுப்புகளும் கொண்டவை. 1838 இல் வில்லியம் பீட்டர்ஸ் கட்டிய டிரெஃப்ரி என்னும் படகே இன்றைய கிக் படகுகளுக்கு அளவுகோலாக உள்ளது. இவற்றின் உலகப் போட்டி 1990 முதல் சில்லித் தீவுகளில் நடைபெற்று வருகிறது. கிக் படகுகள் எல்ம் மரத்தால் தேர்ந்த படகுத் தச்சர்களால் கட்டப்படுகின்றன. எனவே அவற்றின் விலை அதிகம்.

ஸ்பெயினின் வடகரையில், குறிப்பாகப் பாஸ்க்குப் பகுதியில், டிரைனெரா எனப்படும் படகில் 13 பேர் துடுப்பு வலிக்கின்றனர். சான் செபாஸ்டியன் நகரில் 1879 இல் தொடங்கிய கொன்ச்சா பந்தயம் இவற்றுள் புகழ்பெற்றது. மீன்பிடி மரப் படகாக இருந்த டிரைனெரா, போட்டியின் வளர்ச்சியால் இன்று கார்பன் இழையால் செய்யப்படும் பந்தயப் படகாக மாறிவிட்டது.

கார்ன்வாலில் மரபுவழி மரமும் தச்சுத் தொழிலும் காக்கப்பட்டன. பாஸ்க்குப் பகுதியில் போட்டியும் ஊர்ப்பற்றும் காக்கப்பட்டன. படகின் பொருள் மாறிற்று. ஸ்காட்லாந்தின் இயக்கம் ஊரார் தாங்களே படகு கட்டுவதற்கு முதலிடம் அளித்தது.

விமர்சனங்கள்

கணினிப் பொறியால் வெட்டப்பட்ட ஒட்டுப்பலகையும் செயற்கைப் பசையும் கொண்டு கட்டும் படகை மரபுப் படகு எனக் கூறலாமா என்னும் கேள்வி எழுப்பப்படுவது உண்டு. மரத்தின் இழையோட்டத்தைப் பார்த்துப் பலகை தேர்ந்தெடுத்தல், கண்ணளவால் வளைவைத் தீர்மானித்தல் போன்ற பழைய தச்சரின் நுண்திறன்கள் இதில் கற்பிக்கப்படுவதில்லை என்பது உண்மையே. இதற்கு மறுமொழியாக, அளவாக வெட்டிய பலகைகளை வரவழைத்துத் தீவிலேயே படகாக்கும் வழக்கம் ஷெட்லாந்தில் பல தலைமுறைகளாக இருந்தது சுட்டிக்காட்டப்படுகிறது.

போட்டி மனப்பான்மை வளர்வதும் ஒரு கவலையாக உள்ளது. விதிகள் படகின் வடிவத்தைக் கட்டுப்படுத்தினாலும், எடை குறைந்த துடுப்புகள், கடுமையான பயிற்சி, தேர்ந்தெடுத்த குழுக்கள் என மன்றங்களுக்கு இடையே வேறுபாடுகள் தோன்றுகின்றன. அனைவருக்கும் படகில் இடம் அளித்தல், பந்தயத்தில் வெல்லுதல் ஆகிய இரு நோக்கங்களையும் ஒரே படகைக் கொண்டு நிறைவேற்றுவது மன்றங்களுக்கு எளிதாக இருப்பதில்லை. பல மன்றங்கள் இரண்டாவது படகு கட்டியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் படகைக் கட்டியவர்கள் மூப்படையும்போது, கட்டும் அனுபவம் அடுத்தவர்களுக்குச் செல்வது நின்றுவிடக்கூடும் என்பதும் கவனிக்கத்தக்கது. வலிப்பதற்கு மட்டும் சேர்பவர்கள் பெருகினால், படகு ஊராரின் கைப்பொருள் என்னும் நிலை மாறிவிடும். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் படகைக் கொட்டகைக்குள் ஏற்றி, பழுது பார்த்து, வண்ணம் பூசும் வேலையில் புதிய உறுப்பினர்களையும் சேர்த்துக்கொள்வது இதற்கு ஓரளவு ஈடு செய்கிறது.

இவற்றையும் பார்க்க

துடுப்புப் படகோட்டம்
ஃபேர் தீவு
ஷெட்லாந்துத் தீவுகள்
பைலட் கிக் படகு
டிரைனெரா